பாரிஸ் நகரமன்றக் கட்டடத்தின் வயது என்ன? 1533, 1882, இடையில் விடுபடும் இன்னொரு காலம்

கேள்வி இது: பாரிஸின் ஒத்தேல் த வீல், அதாவது நகரமன்றக் கட்டடம், 1533இல் தொடங்கிய மறுமலர்ச்சிக் காலக் கட்டடம் என்று சில வழிகாட்டி நூல்கள் சொல்கின்றன. வேறு சில, 1882இல் திறக்கப்பட்டது என்கின்றன. எது சரி? நேரில் போகிறவர் அதில் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு ஆண்டுகளும் சரிதான். ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னாலும் விடை முழுமையாகாது. இன்று கண்ணில் படும் கல் 1874க்கும் 1882க்கும் இடையில் அடுக்கியது. முகப்பின் நடுப்பகுதி மட்டும் 1533இல் வரைந்த வடிவத்தைப் பின்பற்றுகிறது. கட்டடத்தின் பருமன், மூன்று முற்றங்கள், இரு பக்கத்துப் பெரிய இறக்கைகள் ஆகியவை வந்தது லூயி ஃபிலிப் மன்னர் காலத்து விரிவாக்கத்தில், அதாவது 1830களின் பின்பகுதியிலும் 1840களிலும். இந்த மூன்றாவது கட்டத்தைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். எரிந்துபோனது "பிரான்சுவா மன்னரின் மாளிகை" என்றும், திரும்பக் கட்டியது அதன் நகல் என்றும் நினைப்பது அதனால்தான். உண்மையில் திரும்பக் கட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிர்வாக மாளிகையை. அதன் நெற்றியில் பதினாறாம் நூற்றாண்டு முகம்.

இனி வரிசையாகப் பார்ப்போம்.

செய்ன் ஆற்றின் வலக்கரையில், மணலும் சரளையும் சரிந்து இறங்கும் இடத்தில், படகுகள் சரக்கு இறக்கும் துறை இருந்தது. அதை ஒட்டிய திறந்தவெளிக்கு பிளாஸ் த கிரேவ் என்று பெயர். பாரிஸ் நகர நிர்வாகம் ஆற்று வணிகர் சங்கத்திலிருந்து வளர்ந்தது. அதனால்தான் நகரின் முத்திரையில் கப்பல் இருக்கிறது. நகரத் தலைவருக்கும் "வணிகர்களின் பிரெவோ" என்றே பட்டம். 1357இல் அந்தப் பதவியில் இருந்த எத்தியேன் மார்செல், இந்தச் சதுக்கத்தில் இருந்த "தூண் வீடு" என்ற பழைய வீட்டை நகரத்துக்காக வாங்கினார். தரைத்தளத்தில் தூண்வரிசை இருந்ததால் அந்தப் பெயர். அடுத்த ஆண்டே அவர் கொல்லப்பட்டார். ஆனால் நகர நிர்வாகம் அந்த மனையை விட்டு நகரவில்லை. 1357 முதல் இன்றுவரை அதே இடம்தான். கட்டடத்தில் தொடர்ச்சி எங்கே என்று கேட்டால் நான் சுட்டுவது சுவரை அல்ல, இந்த மனையைத்தான்.

சதுக்கத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1310 முதல் 1830 வரை பொதுமக்கள் முன்னிலையில் மரணதண்டனை நிறைவேற்றிய இடம் இது. கில்லட்டின் முதன்முதலாகப் பயன்பட்டதும் இங்கேதான், 1792 ஏப்ரல் 25 அன்று.

முதலாம் பிரான்சுவா, பாரிஸுக்கு ஏற்ற நகரமாளிகை வேண்டும் என்றார். வடிவமைத்தவர் டொமெனிக்கோ தா கோர்த்தோனா என்ற இத்தாலியர். பிரெஞ்சுக்காரர்கள் அவரை "லெ பொக்காதோர்" என்பார்கள். எட்டாம் சார்ல் மன்னர் இத்தாலியப் படையெடுப்பிலிருந்து திரும்பியபோது கூட்டிவந்த கலைஞர்களில் ஒருவர். வேலையில் பியேர் ஷாம்பீழ் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரின் பங்கும் உண்டு. அடிக்கல் 1533 ஜூலை 15 அன்று. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் வேலை நின்றுபோனது. மதப் போர்களில் நகரத்திடம் பணமும் இல்லை, அமைதியும் இல்லை. நான்காம் ஆன்ரி காலத்தில், பிரான்சுவா மிரோன் பிரெவோவாக இருந்தபோது மறுபடி தொடங்கினார்கள். முடிந்தது 1628இல், பதின்மூன்றாம் லூயி ஆட்சியில். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு.

அது அளவில் சிறிய கட்டடம். நடுவில் இரண்டு அடுக்கு. மேலே செங்குத்தான ஸ்லேட் கூரை. கூரையின் உச்சியில் மணிக்கூண்டு. இரு பக்கமும் சற்று உயர்ந்த இரண்டு முனைக்கட்டுகள். அவற்றின் அடியில் வண்டி போகும் அளவுக்கு வளைவு வழிகள். ஒரு பக்கம் சான்தெஸ்ப்ரி மருத்துவமனை, பின்னால் சான் ழான் தேவாலயம். இவற்றுக்கு நடுவே நெருக்கிக் கட்டியது. மனை கோணலாக இருந்ததால் உள்முற்றமும் கோணல். நிலம் ஆற்றை நோக்கிச் சரிந்ததால் முற்றத்தை உயர்த்தி, படியேறிப் போகும்படி வைத்தார்கள். முன்னால் இருந்த சதுக்கமும் இன்றைய சதுக்கத்தைவிட மிகச் சிறியது. அந்தச் சிறிய வெளியில் நின்று பார்க்கவே அந்த முகப்பு வரையப்பட்டது. இன்று அகன்ற வெளிக்கு எதிரே அது கொஞ்சம் நுணுக்கம் மிகுந்ததாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கட்டடத்தைப் பிடித்தவர் கையில் பாரிஸ் என்பது பிரெஞ்சு அரசியலில் எழுதாத விதி. 1789 ஜூலை 14 அன்று கடைசி பிரெவோ ஃபிளெசேல் இதன் வாசலை விட்டு வெளியே வந்தபோது கொல்லப்பட்டார். மறுநாள் பைய்யி முதல் மேயரானார். ஜூலை 17 அன்று பதினாறாம் லூயி இங்கே வந்து அவரிடம் புரட்சியின் வண்ணச் சின்னத்தை வாங்கித் தொப்பியில் செருகிக்கொண்டார். 1794 ஜூலையில் பதவி பறிபோன புரட்சித் தலைவர் ரொபெஸ்பியேர் தஞ்சம் புகுந்ததும், நள்ளிரவுக்குப் பின் தாடையில் குண்டுக் காயத்துடன் பிடிபட்டதும் இங்கேதான். 1830இல் தளபதி லாஃபாயெத், மன்னராகவிருந்த லூயி ஃபிலிப்பைக் கூட்டத்தின் முன் கட்டித் தழுவியதும் இங்கே. 1848 பிப்ரவரியில் செங்கொடி கேட்டு வந்த கூட்டத்திடம் கவிஞரும் அரசியல்வாதியுமான லமார்த்தீன் மூவண்ணக் கொடிக்காக வாதாடியதும், 1870 செப்டம்பர் 4 அன்று மூன்றாம் குடியரசை அறிவித்ததும், 1871 மார்ச் 28 அன்று பாரிஸ் கம்யூனை, அதாவது தேசிய அரசை எதிர்த்து எழுந்த நகரத்தின் சொந்த ஆட்சியை, அறிவித்ததும் இதே வாசலில்.

அரசுக்கு இது தெரியாமலா இருக்கும்? கட்டடத்துக்கு நேர் பின்னால், லொபோ தெருவுக்கு அப்பால், 1850களில் கட்டிய படைமுகாம் இன்றும் நிற்கிறது. கட்டடத்தைக் காக்கத் துருப்புகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்கள்.

இதற்கு இடையில்தான் அந்த மூன்றாவது கட்டம். செய்ன் மாவட்டத்தின் ப்ரெஃபே, அதாவது மத்திய அரசு நியமிக்கும் ஆட்சியர், ராம்பூத்தோ. அவருக்கு அலுவலகமும் குடியிருப்பும் விருந்து மண்டபங்களும் தேவைப்பட்டன. கோத், லெசூவேர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் பழைய மாளிகையை நடுவில் வைத்து வடக்கிலும் தெற்கிலும் பின்னாலும் புதிய கட்டுகளை எழுப்பினார்கள். பழைய மருத்துவமனையும் தேவாலயமும் இருந்த இடமெல்லாம் உள்ளே வந்தது. கட்டடம் பல மடங்கு பெரிதாகியது. பொக்காதோரின் முகப்பு இப்போது நீண்ட முகப்பின் நடுப்பகுதி மட்டும். பின்னால் ப்ரெஃபேயாக வந்த ஓஸ்மான் 1853 முதல் 1870 வரை பாரிஸை இடித்துக் கட்டியது இங்கிருந்துதான். எதிரே சதுக்கத்தை அகலமாக்கியதும் அவர் காலத்தில்தான். உள் அலங்காரத்தில் ஆங்கிரும் தெலக்ருவாவும் வரைந்த விதான ஓவியங்கள் இருந்தன. இன்று அவற்றை ஆயத்த ஓவியங்களிலும் பிரதிகளிலும் மட்டுமே பார்க்க முடியும்.

1871 மே 24. அரசுப் படைகள் நகருக்குள் நுழைந்து தெருத்தெருவாக முன்னேறிக்கொண்டிருந்தபோது, கம்யூன் படையினர் பின்வாங்குமுன் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள்.

கல் கட்டடம் எப்படி எரியும் என்று கேட்பவர்கள் உண்டு. கல் எரிவதில்லை, எரிவது கூரை மரமும், தளத்தைத் தாங்கும் உத்திரங்களும், தளத்தில் நிறைந்த காகிதமும். உயரமான கூரையின் மரச்சட்டகம் காய்ந்த காடு. தீ அங்கே ஏறிவிட்டால் ஸ்லேட் பலகைகள் வெடித்துச் சிதறும், பிறகு சட்டகம் மொத்தமாகக் கீழே விழுந்து ஒவ்வொரு தளத்தையும் தன் எடையால் உடைத்துக்கொண்டு போகும். தளங்கள் போனதும் சுவரைப் பக்கவாட்டில் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. பாரிஸ் வட்டாரத்துக் கட்டடக்கல் சுண்ணாம்புக்கல். கடும் சூட்டில் அதன் மேற்பரப்பு சுட்ட சுண்ணாம்பாக மாறும். பிறகு தண்ணீரோ மழையோ பட்டால் நீறி உதிரும். சூடேறிய கல் திடீரெனக் குளிர்ந்தால் செதில் செதிலாகப் பெயரும். செதுக்கு வேலைகள் முதலில் போவது அப்படித்தான். சுவரில் இரும்பு இணைப்புகள் இருந்தால் அவை விரிந்து மூட்டுகளைப் பிளக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் நிமிர்ந்து நிற்கும். பாரம் ஏற்ற முடியாது. பாரிஸ் நகரமன்றத்தின் இடிபாட்டைக் காட்டும் 1871ஆம் ஆண்டுப் புகைப்படங்களில் தெரிவது இதுதான்: முகப்பு நிற்கிறது, சன்னல்களின் வழியே வானம் தெரிகிறது.

கட்டடத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நகரத்தின் நூலகம் எரிந்தது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளும் எரிந்தன. பிரான்சில் இப்படிப்பட்ட ஆபத்துக்காகவே பதிவேடுகளை இரண்டு படிகளாக எழுதும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இருந்தது. பாரிஸின் ஒரு படி நகரமன்றத்தின் இணைக் கட்டடத்தில், மறு படி ஆற்றின் தீவிலுள்ள நீதிமன்ற மாளிகையில். இரண்டும் அதே நாட்களின் தீயில் போயின. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து 1859 முடிய இருந்த ஏறக்குறைய 80 லட்சம் பதிவுகள் அழிந்தன. இரண்டு படி எடுத்தால் போதாது, இரண்டையும் ஒரே போராட்டம் எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும் என்பதை ஆவணக் காப்பாளர்கள் இன்றும் இந்த உதாரணத்தை வைத்தே சொல்லலாம்.

1872இல் தனிச் சட்டம் போட்டு, குடும்பங்களிடமிருந்த நகல்கள், நோட்டரி ஆவணங்கள், தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து சுமார் 27 லட்சம் பதிவுகளை மீட்டெழுதினார்கள். இந்த வேலை 1897 வரை நீண்டது. ஆகவே 1860க்கு முன் பாரிஸில் பிறந்த ஒருவரைத் தேடுபவர் முதலில் பாரிஸ் ஆவணக் காப்பகத்தின் "மீட்டெழுதிய பதிவுகள்" தொகுப்பில் பெயரும் தேதியும் கொண்டு பார்க்க வேண்டும், இணையத்திலேயே இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு அதில் இருக்காது. இல்லையென்றால் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள நோட்டரிப் பத்திரங்களில் திருமண ஒப்பந்தம், இறப்புக்குப் பிந்தைய சொத்துப் பட்டியல் ஆகியவற்றைத் தேட வேண்டும். நோட்டரியின் பெயர் தெரியாமல் இதில் இறங்கினால் நாட்கள் போகும். பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பங்களின் பதிவுகளை இந்தத் தீ தொடவில்லை. 1776ஆம் ஆண்டு அரசாணைப்படி காலனிப் பதிவேடுகளின் படி ஒன்று பாரிஸுக்கு வெளியே, வெர்சாயில் சேமிக்கப்பட்டது. இன்று அவை எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

மீண்டும் கட்டடத்துக்கு. 1873இல் போட்டி முடிந்து தியோதோர் பல்லு, எதுவார் தெபெர்த் இருவரின் வரைவு தேர்வானது. பல்லு முன்பே பாரிஸில் திரினித்தே தேவாலயத்தைக் கட்டியவர். வேலை 1874இல் தொடங்கியது. திறப்பு விழா 1882 ஜூலை 13, பிரான்சின் தேசிய விழாவான பாஸ்தீய் நாளுக்கு முந்தைய நாள். ஒரு நூற்றாண்டு இழுத்த முதல் கட்டடத்தோடு ஒப்பிட்டால் எட்டு ஆண்டு என்பது மின்னல் வேகம்.

அவர்கள் செய்தது நேர்நகல் அல்ல. நடுமுகப்பின் வடிவத்தை எடுத்து, அளவைச் சற்றுப் பெருக்கி, இரு பக்க இறக்கைகளையும் அதே மறுமலர்ச்சி மொழியில் எழுதினார்கள். 1840களின் கட்டடத்தில் பழையதும் புதியதும் ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்தன. 1882இன் கட்டடத்தில் எல்லாம் ஒரே கையெழுத்து. இதை "போலி" என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போலி என்றால் தன் வயதை மறைக்க வேண்டும். இதுவோ தன் வயதைச் சிலைகளிலேயே அறிவித்துக்கொள்கிறது.

அந்தச் சிலைகளைப் பார்க்கும் முறை இது. சதுக்கத்தின் நடுவில் நின்று முகப்பை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் கடிகாரமும் மேலே மணிக்கூண்டும் உள்ள கட்டும், அதன் இரு முனையிலும் உயர்ந்து நிற்கும் கட்டுகளும்தான் பொக்காதோரின் வடிவம். முனைக்கட்டுகளின் அடியில் அந்தப் பழைய வளைவு வழிகளைக் காணலாம். அதற்கு அப்பால் இரு பக்கமும் நீள்வதும் கடைசி முனைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சேர்க்கை. தரைத்தளத்தில் சுவரோடு ஒட்டிய கொரிந்தியத் தூண்கள். மேல்தளத்தில் கல் குறுக்குச் சட்டமிட்ட உயர்ந்த சன்னல்கள். சன்னலுக்கும் சன்னலுக்கும் இடையில், நம் கோயில் சுவரின் கோஷ்டம் போல, மாடங்கள். கோஷ்டத்தில் தெய்வம் நிற்கும் இடத்தில் இங்கே நிற்பது ஊர்க்காரர்கள்: எழுத்தாளர், ஓவியர், அறிஞர், நிர்வாகி எனப் பாரிஸின் புகழ்பெற்றவர்கள், பெரும்பாலும் ஆண்கள். அரசர்களும் புனிதர்களும் நிற்க வேண்டிய இடத்தில் குடிமக்களை நிறுத்தியது மூன்றாம் குடியரசின் அரசியல். பொக்காதோரின் கட்டடத்தில் வாசலுக்கு மேல் இருந்தது நான்காம் ஆன்ரி குதிரையேறிய சிற்பம் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கணித அறிஞர் தலம்பேரின் சிலையைச் செதுக்கியவர் ரொதேன். அப்போது அவர் பெயர் பெற்றவர் அல்ல. மேலும், பிரெஞ்சு நகரங்களை உருவகிக்கும் பெண் சிலைகளும் உண்டு. கூரை விளிம்பில் பொன்பூச்சு மினுங்கும் உலோகப் போர்வீரர்களைப் பலர் கவனிப்பதே இல்லை.

முகப்பு மேற்கு பார்த்தது. காலையில் போனால் வெளிச்சம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும், செதுக்கல் எல்லாம் தட்டையாகத் தெரியும். பிற்பகலில் போங்கள். கருமை படிந்த இடங்களையும் கவனியுங்கள். சுண்ணாம்புக்கல்லில் புகையின் கந்தகம் சேர்ந்தால் மேற்பரப்பில் ஜிப்சம் படிவம் உண்டாகும். மழை நேரே விழும் இடத்தில் அது கழுவிப் போகும், விளிம்புக்கு அடியில் மழை படாத இடத்தில் புழுதியைப் பிடித்துக்கொண்டு கரிய தோலாகத் தடிக்கும். அந்தத் தோல் உரியும்போது சிலையின் மூக்கும் விரலும் சேர்ந்து போகும். சுத்தம் செய்வது அழகுக்காக மட்டும் அல்ல.

தெற்குப் பக்கத் தோட்டத்தில், ஆற்றை நோக்கி, எத்தியேன் மார்செலின் குதிரைச் சிலை. இத்ராக் தொடங்கி, அவர் இறந்தபின் மார்க்கேஸ்த் முடித்தது. உள்ளே சுமார் 50 மீட்டர் நீளமுள்ள விழா மண்டபம், வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தை நினைவில் வைத்து அமைத்தது: தங்கமுலாம், சரவிளக்கு, விதான ஓவியம். என் கண்ணுக்கு அது அளவுமீறிய அலங்காரம். புவீ த ஷவான் வரைந்த கோடை, குளிர்காலச் சுவரோவியங்கள் இதற்கு நேர்மாறு, வெளிறிய நிறம், நிதானம். ஒன்றுக்கு மட்டும் நேரம் இருந்தால் அவற்றைத் தேர்ந்தெடுங்கள். பாரிஸ் மன்றத்தின் 163 உறுப்பினர்கள் கூடும் அவையும் இங்கேதான்.

விநோதம் என்னவென்றால், இவ்வளவு பெரிய மேயர் மாளிகை கட்டியபோது பாரிஸுக்கு மேயரே கிடையாது. கம்யூனுக்குப் பிறகு அரசு பாரிஸுக்கு மேயர் பதவியைத் தரவில்லை, ப்ரெஃபேதான் ஆண்டார். 1977இல் ஜாக் ஷிராக் தேர்வானபோதுதான் பதவி திரும்பியது. 1944 ஆகஸ்டில் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கம் கைப்பற்றிய முதல் இடங்களில் இதுவும் ஒன்று. 24ஆம் தேதி இரவு பாரிஸை விடுவிக்க வந்த பிரெஞ்சுத் தளபதி லெக்லேரின் படையின் முதல் வண்டிகள் வந்து நின்றதும் இங்கே. மறுநாள் சுதந்திர பிரான்சின் தலைவர் தெ கோல் வந்தபோது, 1848ஐயும் 1870ஐயும் மனத்தில் வைத்து, சன்னலில் நின்று குடியரசை அறிவிக்கும்படி எதிர்ப்பியக்கத் தலைவர் பிதோ கேட்டார். தெ கோல் மறுத்தார்: குடியரசு ஒருபோதும் நின்றுபோகவில்லை, எதை அறிவிப்பது என்பது அவர் வாதம்.

1871க்கு முந்தைய கல்லைத் தொட்டுப் பார்க்க விரும்புபவர் வேறு இடங்களுக்குப் போக வேண்டும். பழைய கட்டடத்தின் வளைவு ஒன்று மொன்சோ பூங்காவில் நிற்கிறது. முற்றத்தில் இருந்த, குவாசெவொ செய்த பதினான்காம் லூயியின் வெண்கலச் சிலை கார்னவாலே அருங்காட்சியகத்தின் முற்றத்தில் உள்ளது.

மெட்ரோ 1, 11 வழித்தடங்களில் ஒத்தேல் த வீல் நிலையம் சதுக்கத்திலேயே ஏறும். உள்ளே பார்க்க வழிகாட்டியுடன் மட்டுமே, முன்பதிவு வேண்டும்; செப்டம்பரில் பாரம்பரிய நாட்களில் திறந்துவிடுவார்கள், வரிசை நீளமாக இருக்கும். திருமணப் பதிவுக்கோ பிறப்புச் சான்றுக்கோ இங்கே வராதீர்கள். அவை அந்தந்த வட்டாரத்து மேரிகளின், அதாவது வட்டார நகராட்சி அலுவலகங்களின் வேலை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கத்தில் வசிப்பவர் 10ஆம் அல்லது 18ஆம் வட்டார மேரிக்குத்தான் போக வேண்டும். கட்டடத்தின் வரலாற்றை ஆழமாகப் படிக்க நினைப்பவர் பின்புறம் 5, லொபோ தெரு வாசலால் நுழைந்தால் நகரமன்ற நூலகம் இருக்கிறது. அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.